சங்கு ஊதினால் கோல் இல்லை

நடுவர் தேர்வில் தேறி, கறுப்புச் சட்டை தைத்துக்கொண்டு, புது விசிலோடு முகாமுக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் ஆஃப்சைடு பற்றி ஒரு வரியும் இருக்காது. எழுதக் கேட்டு வீட்டுக்கு வந்த நடுவர் சங்கச் செயலாளர், "ஆஃப்சைடு பத்தி நாலு வரி சேத்துடுங்க சார், பசங்க அதுலதான் கோட்டை விடறாங்க" என்றார். அது விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் படிக்கச் சோம்பல்படுகிறவன் நான் எழுதுவதை மட்டும் படித்துவிடவா போகிறான்?

நான் எழுதப்போவது ஓர் ஆட்டத்தைப் பற்றி. அறுபதுகளின் நடுவில், நெய்வேலியில், மைன்ஸ் அணியும் பவர் ஹவுஸ் அணியும் மோதிய ஓர் அரையிறுதி. அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ ஆட்டம் ஊதிவிட்டேன். மாலை மரியாதையும் பார்த்தாயிற்று, கல்லடியும் பார்த்தாயிற்று. ஆனால் நடுவருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தச் சாயங்காலம்தான் ஞாபகம் வருகிறது.

விசில் ஊதி அந்தக் காலத்தில் யாரும் சோறு தின்ன முடியாது. என் சம்பளம் டவுன்ஷிப் பஸ் பிரிவில். டைம் கீப்பர் வேலை. எந்த ஷிப்டுக்கு எந்த பஸ் எந்த பிளாக்கிலிருந்து கிளம்ப வேண்டும் என்று பார்த்து, விசில் கொடுத்து அனுப்ப வேண்டும். பஸ் தாமதமானால் மைன்ஸ்காரரும் என்னைத் திட்டுவார், பவர் ஹவுஸ்காரரும் என்னைத் திட்டுவார். இரண்டு தரப்புக்கும் சமமாக வேண்டாதவன் என்கிற ஒரே தகுதியில்தான் விளையாட்டுக் குழு என்னை நடுவராக்கியது என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் பாதியாவது உண்மை இருக்கும்.

இந்த இரண்டு அணிகளுக்கும் பகை எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மண்ணுக்கடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரியை வெட்டி எடுப்பது மைன்ஸ். அதை எரித்து மின்சாரம் ஆக்குவது பவர் ஹவுஸ். "நாங்க வெட்டிப் போடலன்னா நீங்க எத எரிப்பீங்க, உங்க வேட்டியையா?" என்பார்கள் இவர்கள். "நாங்க கரண்ட நிறுத்தினா உங்க பம்பு நிக்கும். அடித்தண்ணி பொங்கினா நீங்க நீச்சல் கத்துக்க வேண்டியதுதான்" என்பார்கள் அவர்கள். இரண்டுமே உண்மை. ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஒரு நாள் தாங்க முடியாது. பங்காளிச் சண்டை என்பது அப்படித்தானே இருக்கும்.

இதில் வெளிநாட்டுக்காரர்கள் வேறு. மைன்ஸில் ராட்சத மண்வெட்டும் இயந்திரங்களைப் பூட்ட வந்த ஜெர்மன்காரர்கள் மைதானத்தின் கிழக்குப் பக்கம் நாற்காலி போட்டு உட்காருவார்கள். பவர் ஹவுஸ் கட்ட வந்த ரஷ்யர்கள் மேற்குப் பக்கம். தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டு அவரவர் மொழியில் கத்துவார்கள். பாதியாவது என்னைத் திட்டியதாகத்தான் இருக்க வேண்டும். புரியாததால் நானும் மரியாதையாகத் தலையாட்டிவைப்பேன்.

லீக் ஆட்டமாக இருந்தால் பகை இவ்வளவு முற்றாது. இந்த வாரம் தோற்றால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். நாக்-அவுட் அப்படி இல்லை. தோற்றவன் அந்தத் தோல்வியை ஒரு வருஷம் சுமக்க வேண்டும். எங்கள் ஊரில் ஜெயித்தவன் பக்கத்து குவார்ட்டர்ஸில் இருப்பான். அதே பஸ்ஸில் ஏறுவான், அதே கடையில் அரிசிக்கு நிற்பான். குலுக்கலில் என்ன மாயமோ, இந்த இரண்டு அணியும் வருஷா வருஷம் அரையிறுதியிலேயே மோதிக்கொள்ளும். வருஷா வருஷம் பவர் ஹவுஸ்தான் ஜெயித்துக்கொண்டிருந்தது. இறுதி ஆட்டத்தில் கடலூரிலிருந்து வரும் அணி எங்கள் ஆட்களை உதைத்து அனுப்பினாலும் யாருக்கும் கவலையில்லை. ஊருக்கு இந்த அரையிறுதிதான் திருவிழா.

இப்போது சங்குக்கு வருகிறேன். நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கெட்டி மண்ணை இளக்குவதற்குச் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். தினமும் கிடையாது. நேரமும் இன்னதென்று கிடையாது. எல்லாம் தயாரானதும் சைரன் சங்கு ஒன்று நீளமாக ஊதும். அது கேட்டால் சுரங்கத்தில் இருப்பவன் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு, வெடி இருக்கும் திசைக்கு முதுகு காட்டிக் குந்தி, தலையைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும். பிறகு வெடி. அதன் பிறகு இன்னொரு சங்கு ஊதினால்தான் எழுந்திருக்கலாம். வெடிக் கோஷ்டியில் சேர்ந்தவனுக்கு முதல் பாடம் இதுதான். கை வேலை அப்புறம், கால் நிற்க வேண்டும்.

அந்தக் கோஷ்டியில் கொடிக்காரனாக இருந்தவன் கலியபெருமாள். குள்ளஞ்சாவடிப் பக்கத்துக்காரன், கான்ட்ராக்ட் ஆள், பர்மனென்ட் ஆகிவிடும் என்று காத்துக்கொண்டிருந்தவன். வெடிக்கு முன் சிவப்புக் கொடியோடு பாதையில் போய் நிற்பான். அவன் கொடியைத் தாண்டி ஆளும் போகக் கூடாது, வண்டியும் போகக் கூடாது. நெடுநெடுவென்று வளர்த்தி, முறம்போல இரண்டு கை. மைன்ஸ் அணிக்கு அவன்தான் கோல்கீப்பர்.

முந்தின வருஷ அரையிறுதிக்கு நடுவர் நான் இல்லை. கடலூரிலிருந்து வந்த ஒரு மூத்தவர் ஊதினார். நான் கூட்டத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியப் போகிற நேரம். பவர் ஹவுஸ் ஆள் ஒருவன் தூரத்திலிருந்து ஒரு சாதாரண பந்தை உதைத்தான். அது உருண்டுகொண்டு வந்தது. கலியபெருமாள் குனிந்து எடுக்கப் போனான். அந்த நேரம் பார்த்துச் சுரங்கத்துச் சங்கு ஊதியது.

அவன் திரும்பினான். பந்துக்கு முதுகு காட்டிக் குந்தினான். தலையைக் கையால் மூடிக்கொண்டான். பந்து அவன் இடுப்பை உரசிக்கொண்டு மெதுவாக உள்ளே போனது.

மைதானமே சிரித்தது. ஜெர்மன்காரர்கள் சிரித்தார்கள், ரஷ்யர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். நடுவர் கோல் கொடுத்தார். அவர்மேல் தப்பில்லை. விசில் ஊதாதவரை ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, கோடு தாண்டினால் கோல்தான். ஆனால் பஸ் ஏறப் போகும்போது அந்த மூத்தவர் என்னிடம், "சட்டப்படி சரிதான்யா. ஆனா கை தட்டக்கூட ஒருத்தனுக்கும் தோணல பாரு, எல்லாரும் சிரிக்கத்தான் சிரிச்சாங்க" என்றார். அதை அவர் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் கலியபெருமாள் பட்ட பாட்டைப் பஸ் பிரிவில் இருந்த நான் தினமும் பார்த்தேன். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. அவன் பஸ்ஸில் ஏறினால் பின் சீட்டிலிருந்து ஒருவன் சங்குபோல ஊளையிடுவான். வடலூர் பஸ் நிலையத்து டீக்கடையில் ஊளையிடுவார்கள். பவர் ஹவுஸ்காரர்கள் மட்டும் இல்லை, அவன் அணிக்காரர்களே செய்தார்கள். சில மாதத்தில் அவன் பஸ் ஏறுவதையே விட்டுவிட்டான். கம்பெனி பஸ் காசில்லாமல் போய்க்கொண்டிருக்க, அவன் வடலூருக்கும் சுரங்கத்துக்கும் இடையில் வெயிலில் நடந்துகொண்டிருந்தான்.

அடுத்த வருஷ ஆட்டத்துக்கு நாள் குறித்தாயிற்று. இந்தத் தடவை நடுவர் நான். அதற்கு முந்தின வாரம் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது முந்திரித் தோப்பு ஓரமாக அவன் நடந்து போவதைப் பார்த்து இறங்கினேன்.

"ஏன் கலியபெருமாள், பஸ் வரலையா?"

"பஸ்ஸு வருதுங்க. நான்தான் ஏறுறது இல்ல."

"பசங்க ஊளையிடறானுங்கன்னா?"

"பசங்க வுட்டா பரவால்லங்கண்ணே. அன்னிக்கு ஒரு பெரியவரு, பேரப்புள்ளய மடியில வச்சிகினு, 'அந்த மாமாவுக்கு ஊதிக் காட்டு'ன்றாரு. அந்தக் கொழந்த ஊதுது. எல்லாரும் சிரிக்கிறாங்க. கொழந்தைய நான் இன்னான்னு கோச்சிக்கிறது?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தேன். சற்றுத் தூரம் போனதும் அவன் முகம் தெளிந்தது.

"இந்த வருசம் பாருங்கண்ணே. அருளப்பன் சாரு என்னைப் பழக்கி வுட்டுருக்காரு. சங்கு ஊதினாலும் அசைய மாட்டன்."

அருளப்பன் மைன்ஸ் அணியின் கேப்டன். கோலார் தங்கவயலில் இருந்து வந்தவர். பந்தாட்டத்தைத் தாய்ப்பாலோடு குடித்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். பயிற்சியில் ஓர் ஆளைக் கோலுக்குப் பின்னால் நிறுத்தி, தகரக் குழாயில் சங்குபோல ஊதச் சொல்லிவிட்டு, முன்னாலிருந்து பந்தாக உதைத்துத் தள்ளினாராம். குந்தினால் ஒரு வசவு, குந்தாமல் பிடித்தால் ஒரு சபாஷ். வருஷம் முழுக்க இதே பாடம்.

"நெசமாவே பழகிடுச்சிண்ணே" என்றான் கலியபெருமாள். "நேத்து சொரங்கத்துல சங்கு ஊதிச்சி. நான் கொடிய எடுத்துகினு போய்கினு இருக்கறன். பழைய ஆளா இருந்தா அங்கயே குந்திகினு இருப்பன். நான் பாட்டுக்கு நடக்கறன். பின்னால வந்த லாரிக்காரரு, கொடியே நடக்குது, அப்ப வழி இருக்குதுன்னு என் பின்னாலயே வண்டிய வுட்டுட்டாரு. மேஸ்திரி கத்துனப்பறந்தான் எனக்கே தெரிஞ்சிது."

சொல்லிவிட்டுச் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"வெடிக்கு இன்னும் நேரம் இருந்திச்சிங்க. ஒண்ணும் ஆவல" என்றான் சன்னமாக.

ஓர் ஊர் முழுக்கச் சேர்ந்து சிரித்து, ஒரு மனிதனின் உயிரைக் காக்கும் பழக்கத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. அவன் உயிர் மட்டுமா? கொடிக்குப் பின்னால் எத்தனை லாரி, எத்தனை பேர்? மேலிடத்தில் போய்ச் சொன்னால் அன்றைக்கே அவனைக் கோஷ்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கு வேறு இடம் யார் தேடித் தருவார்கள்? சொல்லாமல் விட்டால் அடுத்த சங்குக்கு என்ன ஆகும்? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

என் கையில் இருந்தது ஒரு விசில். அதை வைத்து என்ன செய்ய முடியுமோ அதைச் செய்வது என்று முடிவு செய்தேன்.

"கலியபெருமாள், நான் சொல்றதைக் கேளு. ஆட்டத்துக்கு நான்தான் நடுவர். சங்கு ஊதினா நீ எப்பவும் போலக் குந்து. முதுகைக் காட்டு, தலையை மூடிக்கோ. நீ குந்தி முடிக்கறதுக்குள்ள என் விசில் உன் காதுல விழும். அதுக்கப்புறம் பந்து எங்க போனாலும் கோல் கிடையாது."

"பந்து கோலுக்குள்ள வந்துகினு இருந்தா?"

"இருந்தாலும்."

"அருளப்பன் சாரு திட்டுவாரே."

"அவர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ சங்குன்னா குந்து. சுரங்கத்துலயும் குந்து, மைதானத்துலயும் குந்து. வார்த்தை கொடு."

அவன், "நீங்க ஊதிடுவீங்க இல்லண்ணே?" என்று மட்டும் கேட்டான்.

"ஊதிடுவேன்" என்றேன்.

தம்பிகளே, இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவர் புது முடிவு எடுப்பதாக இருந்தால் பந்து உருளும் முன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். நடுவில் எடுத்தால் அதற்குப் பெயர் முடிவு இல்லை, சாய்வு. ஆட்டத்துக்கு முதல் நாள் இரண்டு கேப்டன்களையும் விளையாட்டுக் குழுச் செயலாளர் முன்னால் உட்காரவைத்துச் சொன்னேன். சங்கு ஊதினால் ஆட்டத்தை நிறுத்துவேன், இரண்டாவது சங்குக்கு அப்புறம் பந்து நின்ற இடத்திலேயே, இரண்டு தரப்பு ஆளுக்கும் நடுவில் பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு, டிராப் பாலில் தொடங்குவேன்.

பவர் ஹவுஸ் கேப்டன் சுந்தரம் மேட்டூர்ப் பக்கத்துக்காரர். அதிர்ந்து பேசமாட்டார், ஆனால் விடவும் மாட்டார்.

"ஏனுங்க, போன வருசம் இல்லாத சட்டம் இந்த வருசம் எங்கிருந்துங்க மொளைச்சுது?"

"வெளித் தொந்தரவு எதுவானாலும் ஆட்டத்தை நிறுத்த நடுவருக்கு அதிகாரம் இருக்கு. மைதானத்துல நாய் பூந்தா நிறுத்தறோம் இல்லையா?"

"சங்கும் நாயும் ஒண்ணுங்களா?"

"உங்க ஆளுங்களுக்கு அது வெறும் சத்தம். அவங்கள்ல பாதிப் பேருக்கு அது உத்தரவு. ஒருத்தன் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு நிக்கறப்ப இன்னொருத்தன் கோல் போடறது ஆட்டம் இல்லை சார்."

சுந்தரம் யோசித்தார். "சரிங்க. அவங்க கோல் போடப் போறப்ப சங்கு ஊதுச்சுன்னா?"

"அப்பவும் நிறுத்துவேன்."

அருளப்பன் பலமாகச் சிரித்தார். "அத அப்ப பாத்துக்கலாம் சார். எழுதிக்கோ, ஒத்துக்கறோம்." அவருக்கு அந்த ஏற்பாடு தன் அணிக்குச் செய்யும் உபகாரமாகத்தான் பட்டது. செயலாளர் மட்டும், "வெளிச்சம் போயிடும்யா. புகார் வந்துச்சுன்னா உம்ம தலையிலதான் விடியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஆட்டத்தன்று மைதானத்தைச் சுற்றி எள் போட்டால் எள் விழாது. ஜெனரல் ஷிப்ட் முடித்தவர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு அப்படியே வந்துவிட்டார்கள். முந்திரி மரக் கிளைகளில் எல்லாம் ஆள். கலியபெருமாள் சிவப்புச் சட்டையில் கோலுக்குள் போய் நின்றதும் மேற்குப் பக்கத்திலிருந்து ஒருவன் ஊளையிட்டான். உடனே நூறு குரல் சேர்ந்துகொண்டது. அவன் காதில் விழாதவனைப்போலக் கம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டான்.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டு அணியும் பயந்து பயந்து ஆடின. நாக்-அவுட்டில் பழைய பகைவர்கள் சந்தித்தால் அப்படித்தான் இருக்கும். ஜெயிக்கிற ஆசையைவிடத் தோற்கிற பயம் பெரிதாக இருக்கும். இரண்டாம் பாதியில் மைன்ஸ் எழுந்துகொண்டது. அருளப்பன் நடுவிலிருந்து நீளமாக ஒரு பந்தைப் போட்டார். மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்த ஒரு துடியான பையன் அதைக் காலில் வாங்கி, ஒருவனை ஏமாற்றி, முன்னேறி வந்த பவர் ஹவுஸ் கோல்கீப்பரையும் தாண்டிவிட்டான். கோல்கீப்பர் தரையில் கிடந்தார். முன்னால் திறந்த கோல். இத்தனை வருஷத் தோல்வியும் தீர இன்னும் ஓர் உதைதான் பாக்கி.

சங்கு ஊதியது.

சங்கு ஒரே அடியாக ஊதாது. முதலில் உறுமும், பிறகு ஏறும். உறுமல் என் காதில் விழுந்த அந்த நொடி எனக்கு எல்லாம் தெரிந்தது. ஒரு மூச்சு தாமதித்தால் போதும். பையன் உதைத்துவிடுவான், பந்து உள்ளே போய்விடும், அப்புறம் ஊதலாம். யாரும் கேட்க முடியாது. என் மனசு முழுக்க மைன்ஸ் பக்கம், கலியபெருமாள் பக்கம்தான் இருந்தது. அவன் ஜெயித்து, தலை நிமிர்ந்து, பஸ்ஸில் ஏற வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டு வந்தவன் நான்.

ஆனால் அவனுக்குத்தானே வார்த்தை கொடுத்திருந்தேன்? அந்தக் கோடியில் இப்போது அவன் குந்திக்கொண்டிருப்பான், என் விசில் எப்போது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு. பந்து எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. விசில் பிந்தினால், இந்த ஆள் வார்த்தையும் அவ்வளவுதான் என்றாகிவிடும். நாளைக்குச் சுரங்கத்தில் அவன் எழுந்து நடப்பான்.

ஊதினேன். நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து ஊதினேன். அதற்கப்புறம்தான் பையன் உதைத்தான். பந்து வலையில் போய் விழுந்தது.

கிழக்குப் பக்கம் கூரை பிய்ந்த மாதிரி சத்தம். நான் இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டி, கோல் இல்லை என்றேன். சத்தம் அப்படியே என்மேல் திரும்பியது. செருப்பு ஒன்று வந்து விழுந்தது. அருளப்பன் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"இன்னா சார் இது! எங்களுக்காகத்தான சட்டம் போட்ட? எங்க கழுத்தையே அறுத்துட்டியே!"

மைதானத்தின் மறு கோடியைக் கையால் காட்டினேன். கலியபெருமாள் முதுகைக் காட்டிக் குந்தி, தலையை மூடிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் இவ்வளவு ரகளை நடந்தும் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சார், அவன் கையில கொடி இருக்கறதா நெனச்சுப் பாருங்க" என்றேன் மெதுவாக. "நீங்க வருஷமெல்லாம் பழக்கினீங்களே, அது பலிச்சிருந்தா என்ன ஆகும்னும் நெனச்சுப் பாருங்க."

அவர் பார்த்தார். அவரும் பூமிக்கடியில் வேலை செய்கிற ஊரிலிருந்து வந்தவர்தான். சங்கு கேட்டும் நிற்காத ஆள் என்னவாவான் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. தூரத்தில் வெடி அதிர்ந்தது, காலுக்கடியில் மண் லேசாக நடுங்கியது. அருளப்பன் நின்ற இடத்திலேயே புல்லில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் உட்காரவே மற்ற மைன்ஸ் ஆட்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கூச்சல் தானாக அடங்கியது.

இரண்டாவது சங்கு ஊதியது. கலியபெருமாள் எழுந்து, கால்சட்டையைத் தட்டிக்கொண்டு, எல்லாரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னாண்ணே ஆச்சு?" என்று அங்கிருந்தே கத்தினான். யாரும் சிரிக்கவில்லை.

பவர் ஹவுஸ் கோலுக்கு முன்னால் டிராப் பால் போட நின்றேன். போட்டிக்கு வர வேண்டிய சுந்தரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் ஆட்களையும் பின்னால் போகச் சொன்னார்.

"பந்த எடுத்துக்குங்க. நாங்க வரலீங்க" என்றார் அந்த வெல்டர் பையனிடம்.

பையன் உதைத்தான், நல்ல உதைதான். இந்தத் தடவை பவர் ஹவுஸ் கோல்கீப்பர் எழுந்து நின்றிருந்தார், பாய்ந்து தட்டிவிட்டார். சுந்தரம் பந்தைக் கொடுத்தார், கோலைக் கொடுக்கவில்லை. அதுவும் சரிதான். நான் அவருக்கு அன்றைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

கதையில் மைன்ஸ் ஜெயித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஜெயிக்கவில்லை. வெளிச்சம் மங்கும் நேரத்தில் அதே சுந்தரம் இடது காலால் ஒரு பந்தை மூலையைப் பார்த்து உதைத்தார். கலியபெருமாள் பறந்தான் என்றே சொல்ல வேண்டும். முழு நீளத்துக்குப் பாய்ந்து, விரல் நுனியால் பந்தைத் தொட்டும்விட்டான். அது கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. அப்புறம் இரண்டு பக்கத்திலிருந்தும் கை தட்டினார்கள். ஜெர்மன்காரர்கள், ரஷ்யர்கள் எல்லாரும் நாற்காலியை விட்டு எழுந்து தட்டினார்கள். போட்டவனுக்கா, விட்டவனுக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாத தட்டல். போன வருஷம் அந்த மூத்தவர் எதைத் தேடினாரோ, அது இதுதான்.

நீங்கள் ஒருவருக்கு நியாயம் செய்வதற்காக ஒரு விதி வைத்தால், முதல் அடி அவர்மேலேயே விழலாம். அப்போதும் ஊத வேண்டும். அவர் உங்களைத் திட்டுவார், ஊர் செருப்பை வீசும், வீட்டுக்குப் போனால் மனைவி, "இன்னிக்காவது நல்லபடியா ஊதினீங்களா?" என்று கேட்பாள். அன்றைக்கு என் மனைவிக்குப் பதில் சொல்லாமல் படுத்துவிட்டேன். சரியாகச் செய்துவிட்டேன் என்று தெரிந்தும் மனசு ஆறவில்லை. அவன் மறுபடி தோற்றுவிட்டானே என்றுதான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் முதல் ஷிப்ட் விட்ட நேரம். பஸ் நிலையத்தில் வண்டியை அனுப்புவதற்காகப் படிக்கட்டருகே நின்றிருந்தேன். கூட்டத்தில் கலியபெருமாள் வந்தான். நடந்து போகிற பாதைக்குத் திரும்பாமல், என்னிடம் தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினான். உள்ளே, அவன் நேரமோ என்னவோ, பேரனை மடியில் வைத்துக்கொண்டு அவன் சொன்ன அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"என்னாப்பா, மறுபடியும் தோத்துட்டீங்களாமே?" என்றார் அவர்.

"ஆமாங்க, தோத்துட்டம்" என்றான் கலியபெருமாள். "போன வருசம் போட்டது கோலு இல்லீங்க. நேத்து சுந்தரம் சாரு போட்டாரு பாருங்க, அது கோலு. அதை வாங்கினதுல எனக்கு வெக்கம் இல்ல."

குழந்தைக்கு இதெல்லாம் தெரியுமா? பழகின முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு, "ஊஊ..." என்று சங்கு ஊதியது. பெரியவர் பேரனின் வாயைப் பொத்தப் போனார்.

கலியபெருமாள் அவர் கையை விலக்கிவிட்டு, அந்தக் குழந்தைக்கு முதுகைக் காட்டி, சீட்டுகளுக்கு நடுவில் குந்தி, தலையைக் கையால் மூடிக்கொண்டான். குழந்தை கைகொட்டிச் சிரித்தது. அவன் முதுகும் குலுங்கியது, அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நேரம் ஆகிவிட்டது. குழந்தை இரண்டாவது சங்கு ஊதி, அவன் எழுந்திருக்கும் வரைக்கும் நான் வண்டிக்கு விசில் கொடுக்கவில்லை.